கொழும்பிலிருந்து வன்னிக் கரைக்கு ஓரிரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட வார இறுதி ஒன்று நெருங்கினால் கொழும்பிலிருந்து போன் வரத் தொடங்கும். "ஒரு ராத்திரி கடற்கரையில நிண்டிட்டு வருவம் எண்டு யோசிக்கிறம், உங்கட பக்கம் எப்பிடி?" சொந்தக்காரர், அவர்களோடு வேலை செய்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். முல்லைத்தீவில் இருந்துகொண்டு எழுதுவதால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும். மன்னார்க்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு இரவுக்காக இவ்வளவு தூரம் வரத்தான் வேண்டுமா?

கடலில் கால் நனைத்தால் போதும் என்றால் வேண்டாம். கல்கிசையும் நீர்கொழும்பும் பக்கத்திலேயே இருக்கின்றன. கொழும்பிலிருந்து முல்லைத்தீவும் சரி, மன்னாரும் சரி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். சொந்த வாகனத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தி வந்தால் ஏழெட்டு மணித்தியாலம் ஆகும். சனி காலை புறப்பட்டால் பின்னேரம் களைத்து வந்து விழுவீர்கள், ஞாயிறு எழும்பியதும் திரும்பி ஓடுவீர்கள். கடலைப் பார்த்த நேரத்தைவிடத் தார் ரோட்டைப் பார்த்த நேரம்தான் அதிகமாக இருக்கும்.

வெள்ளி இரவை வண்டியிலேயே தூங்கிக் கழித்து, சனி விடியும்போது இங்கே வந்து இறங்கி, அன்றிரவு கரையோரம் தங்கி, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு புறப்படுவதுதான் ஒத்துவரும் கணக்கு. அப்படி வந்தால் ஒரு முழு நாளும் ஒரு முழு இரவும் கையில் இருக்கும். சத்தமில்லாத நீளமான மணற்கரையும் அன்றைக்குப் பிடித்த மீனும் கிடைக்கும். கரை முழுக்கக் கடைகளும் சாய்மனைக் கதிரைகளும் பாட்டுச் சத்தமும் வேண்டுமென்பவர்கள் தெற்குப் பக்கம் போவதே நல்லது.

முல்லைத்தீவா, மன்னாரா?

இதைத் தீர்மானிக்க வேண்டியது காற்று. வன்னிக்குக் கிழக்கிலும் கடல், மேற்கிலும் கடல். இரண்டும் ஒரே நேரத்தில் நல்ல முகம் காட்டுவது குறைவு.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அந்தக் காலத்தில் முல்லைத்தீவு, செம்மலை, நாயாறு என்று கிழக்குக் கரை முழுவதும் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் அலை எழும்பாது. மன்னாரில் அதே காற்று மணலை முகத்தில் அடிக்கும். மன்னார் தீவின் தென்கரையில் நிரையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே விளங்கும். 2020 டிசெம்பரில் திறந்த 'தம்பபவனி' காற்று மின் நிலையம் அது, முப்பது காற்றாலைகள். காற்று வாங்க ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு அங்கே தேவைக்கு மேலேயே கிடைக்கும். அப்போதும் மன்னாருக்குத்தான் போவோம் என்றால் தீவின் வடகரைக்கு, பேசாலைப் பக்கம் போங்கள். தென்கரை கொந்தளிக்கும்போது அங்கே கடல் அமைதியாக இருக்கும்.

ஒக்டோபர் கடைசியில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ். முல்லைத்தீவுக் கடல் கலங்கி இரைந்துகொண்டிருக்கும், மழையும் சேரும். தை பிறந்த பிறகுதான் மெல்ல அடங்கும். அந்த மாதங்களில் மன்னார்தான். மழை விட்ட நாட்களில் அங்கே போனால் குளிரும் அளவாக இருக்கும், வங்காலைப் பக்கமும் மன்னார்ப் பாலத்தை ஒட்டிய ஆழமில்லாத நீரிலும் பூநாரைகளைப் பார்க்கலாம். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சர் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டு பக்கமும் பரவாயில்லை, வெயிலைத் தாங்க முடிந்தால்.

இன்னொரு வித்தியாசம்: முல்லைத்தீவில் சூரியன் கடலில் எழும்பும், மன்னார்க் கரையில் கடலில் இறங்கும். விடிய எழும்பப் பஞ்சிப்படுகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டையும் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தையும் ஒரு எட்டுப் பார்க்கலாமா?

இல்லை. ஓரிரவில் ஒரு கரைதான்.

எப்படி வருவது?

முல்லைத்தீவுக்குக் கொழும்பிலிருந்து நேரடி இரவு பஸ் உண்டு. நீண்ட வார இறுதி என்றால் முன்கூட்டியே ஆசனம் பதிவு செய்யுங்கள், கடைசிநேரத்தில் வருகிறவருக்குப் பின்சில்லுக்கு மேலே உள்ள ஆசனம்தான் மிஞ்சும். ரயில் பிடிப்பவர்கள் வடக்குப் பாதையில் மாங்குளத்தில் இறங்கலாம். அங்கிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஏ34 வீதியில் ஒட்டுசுட்டான், முள்ளியவளை தாண்டி வரும் பஸ்ஸில் ஏறினால் சரி. எல்லா ரயிலும் மாங்குளத்தில் நிற்காது, நேர அட்டவணையும் அடிக்கடி மாறும் என்பதால் புறப்படும் கிழமையிலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

மன்னாருக்கு ரயிலில் வருவதே சுகம். போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் இறங்குதுறை வரை மீண்டும் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் கொழும்பில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, இராமேசுவரத்தில் இறங்கி மதராசுக்குப் போனார்கள். இப்போது ரயில் மட்டும் வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

சொந்த வாகனக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டுக்குள்ளால் மன்னாருக்குக் குறுக்குவழி இருப்பதுபோல் வரைபடம் காட்டும். அதை நம்பி வண்டியைத் திருப்ப வேண்டாம். அநுராதபுரம், மதவாச்சி சுற்றித்தான் வர வேண்டும். இரவில் மதவாச்சி - மன்னார் வீதியில் மடுவை ஒட்டிய காட்டுப் பகுதியில் யானை நிற்கலாம், மன்னாருக்குள் கழுதைகள் நடுவீதியில் நிற்கும். ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும், ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்கு: மாங்குளத்தில் முல்லைத்தீவுக்குத் திரும்பினால் முறிகண்டி வராது, அது இன்னும் வடக்கே. அவருக்காக ஏ9 வீதியில் மேலே போய், பரந்தனில் ஏ35 பிடித்துப் புதுக்குடியிருப்பு வழியாகவும் முல்லைத்தீவுக்கு வரலாம். சுற்றுத்தான். ஆனால் அந்த வழியில் வட்டுவாகல் வரும். நந்திக்கடல் களப்பு ஒரு பக்கம், பெருங்கடல் மறுபக்கமாக, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பழைய பாலம் அது. புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கியது. வெள்ளக் காலத்தில் பழைய பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும், அப்போது மாங்குளம் வழிதான் கதி.

எங்கே தங்குவது? கரையில் கூடாரம் அடிக்கலாமா?

முல்லைத்தீவு நகரிலும் கரையோரத்திலும் சிறு விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. மன்னாரில் இன்னும் அதிகம். பெரிய உல்லாச விடுதியை எதிர்பார்க்காமல், சுத்தமான கட்டில், மின்விசிறி, நல்ல தண்ணீர் என்று மூன்றையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பு. குளித்தபின் தலைமயிர் நார்போல நின்றால் விடுதிக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

வடக்கில் படையினர் நடத்தும் விடுதிகளும் உண்டு. உங்கள் காசு ஊர்ச் சனத்திடம் போக வேண்டும் என்று நினைத்தால் யார் நடத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்பேன்.

கூடாரம் என்றால் ஊரவர் ஒருவரின் காணிக்குள், அவருடைய சம்மதத்தோடு அடியுங்கள். ஆளில்லாத கரையில் நினைத்த இடத்தில் அடித்தால் இரவில் கடற்படையோ பொலிசோ வந்து விசாரிக்கும். அதைவிட, வெறுமையாகத் தெரியும் மணல் பெரும்பாலும் ஒருவருடைய வலை இழுக்கும் இடமாக இருக்கும். விடிய நாலு மணிக்கு அவர்கள் வந்து எழுப்பினால் குற்றம் அவர்களுடையதல்ல.

கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

குளிக்கலாம், ஆனால் கொழும்பு நீச்சல் தடாகத்தில் பழகியவர்கள் தங்களுக்கு நீச்சல் தெரியும் என்பதை மறந்துவிட்டு வாருங்கள். உயிர்காப்பாளர் நிற்பார் என்று நம்பி இறங்க வேண்டாம். கிழக்குக் கரையில் இடுப்பளவு நின்ற தண்ணீர் இரண்டடி தள்ளிக் கழுத்தளவாகும் இடங்கள் உண்டு. வாடைக் காலத்தில் நீரோட்டம் கரையிலிருந்து உள்ளே இழுக்கும். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து வெளியே வந்து, பிறகு கரையேறுங்கள்.

பலரும் ஏமாறுவது சோளகக் காலத்து அமைதியில்தான். தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளைக் காற்றடைத்த டியூப்பில் ஏற்றி விடுவார்கள். காற்று கடலை நோக்கி வீசுகிறது என்று சொன்னேன் அல்லவா? டியூப் அலையே இல்லாமல் மெல்ல வெளியே போகும், திரும்பிப் பார்க்கும்போது எட்டாத தூரத்தில் இருக்கும். முல்லைத்தீவில் சோளகத்துக்கு டியூப், காற்றடைத்த மெத்தை எதுவும் வேண்டாம். காற்று எழும்ப முன், காலையில் குளித்து முடிப்பது நல்லது.

நாயாறு, கொக்கிளாய், வட்டுவாகல் போன்ற முகத்துவாரங்களில் கால்கூட வைக்க வேண்டாம். களப்பு நீர் கடலுக்குள் பாயும் நேரத்தில் அங்கே எவ்வளவு நீந்தத் தெரிந்தாலும் பயனில்லை. எங்கே இறங்கலாம் என்று கரையில் வலை தைத்துக்கொண்டிருக்கும் ஐயாவிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் அன்றைக்கு மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை கரையில் அல்ல, உள்ளே மாஞ்சோலையில் இருக்கிறது.

மிதிவெடிப் பயம் இன்னும் இருக்கிறதா?

சனம் குளிக்கும், வலை இழுக்கும் கரைகளில் பயப்படத் தேவையில்லை. பற்றைக்குள்ளும் ஆள்நடமாட்டமில்லாத காணிக்குள்ளும் குறுக்குவழி தேடிப் போகாதீர்கள். மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை இருந்தால் அதைத் தாண்டக்கூடாது. மணலில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் 119க்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இதற்காகத்தான் வருகிறீர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

விடிய எழும்பிக் கரைக்குப் போங்கள். கரைவலைக் காலமென்றால் இரண்டு பக்கக் கயிறும் இழுபட்டு வலை அரைவட்டமாக நெருங்கி வருவதைப் பார்க்கலாம். முன்பு அம்பாப் பாட்டோடு ஆட்களே இழுத்தார்கள். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலிதான் இழுக்கிறது. அதனால் வேலை இழந்தவர்களும் இருக்கிறார்கள், கடலடி கெடுகிறது என்று சண்டையும் இருக்கிறது. மடி கரையேறும்போது அருகில் நின்று பார்க்கலாம், கயிற்றைத் தாண்டக் கூடாது. சூடையும் நெத்தலியும் பாரையும் பிரித்தெடுத்து, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஆள் எடையும் விலையும் முடித்த பிறகு உங்களுக்குத் தேவையானதைக் கேளுங்கள். மீன் துடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து விலை பேசினால் மறுமொழி சூடாக வரும்.

கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறு பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. மன்னார்த் தீவிலும் முல்லைத்தீவிலும் அப்படியான ஊர்கள் பல. ஆகவே மீன் பார்ப்பது, வாங்குவது, சமைப்பிப்பது எல்லாம் சனிக்கிழமை வேலை. ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் குளிர்சாதனப் பெட்டி மீன்தான் சாப்பிடுவார்.

விடுதிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் நீங்கள் வாங்கிவரும் மீனைச் சமைத்துத் தருவார்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் என் தெரிவு இது: காலையில் இடியப்பமும் மீன் சொதியும் இடிச்ச சம்பலும். மத்தியானம் சோறு, நண்டுக் குழம்பு, சுறா கிடைத்தால் வறை. இரவுக்குக் குரக்கன் பிட்டும் இறால் பிரட்டலும். நந்திக்கடல் இறால் என்று சொன்னால் ஒரு விலை கூடத்தான் சொல்வார்கள், கொடுக்கலாம். ஆட்கள் பத்துப் பேருக்கு மேல் என்றால் ஒடியல் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். நாலு பேருக்குக் கூழ் காய்ச்சுவது அடுப்புக்கு அவமானம்.

சோளகத் தொடக்கத்தில் வந்தால் வழியில் பாலைப்பழம் விற்பார்கள். உதட்டில் பிசின் ஒட்டும், பயப்பட வேண்டாம். ஆமை இறைச்சி என்று யாராவது காதுக்குள் சொன்னால் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

முள்ளிவாய்க்கால் பக்கத்தில்தான் இருக்கிறதாமே, போய்ப் பார்க்கலாமா?

பக்கத்தில்தான். வட்டுவாகல் பாலம் தாண்டினால் முள்ளிவாய்க்கால், அதற்கு வடக்கே மாத்தளன். 2009இல் சனம் கடைசியாக நெருக்கப்பட்ட கரை அது. அதற்கு முன் 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையில் ஒரு காலைக்குள் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. உங்கள் விடுதிக்காரர், சமைத்துத் தந்தவர், ஓட்டோக்காரர் எல்லோர் வீட்டிலும் இந்த இரண்டில் ஒன்றாவது நடந்திருக்கும்.

போவதை யாரும் தடுக்கவில்லை. நினைவிடத்துக்குப் போகிறீர்களென்றால் அதற்கென்று போங்கள். குளித்த ஈர உடுப்போடு வழியில் இறங்கி, செல்ஃபி எடுத்து, அடுத்த இடத்துக்குப் போகும் நிறுத்தமாக வைக்காதீர்கள். உங்களோடு வந்தவர்களில் சிங்கள நண்பர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போகலாம், முன்கூட்டி என்ன இடமென்று சொல்லிக் கூட்டிப் போங்கள். ஊராரிடம் 'உங்களுக்கு என்ன நடந்தது' என்று நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர் தேத்தண்ணியோடு தானாகவே தொடங்குவார்.

எந்த நாட்களைத் தவிர்ப்பது?

மே 12 தொடக்கம் 18 வரை முள்ளிவாய்க்கால் நினைவு வாரம். அந்தக் கிழமை உல்லாசமாக வர வேண்டாம், கஞ்சி குடித்து விளக்கேற்ற வருவதென்றால் வாருங்கள். மாவீரர் நாளான நவம்பர் 27, ஆழிப்பேரலை நினைவு நாளான டிசெம்பர் 26 இரண்டும் அப்படியே.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலன்று முல்லைத்தீவில் அறை கிடைப்பது கடினம். கூட்டம் பிடிக்கும் என்றால் அதுதான் வர வேண்டிய நாள். சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கேற்றுவார்கள். பொங்கல் வரை அது எரியும். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவை ஒட்டி மன்னார் வழி ரயிலும் வீதியும் நிரம்பி வழியும்.

பெண்கள் மட்டும் சேர்ந்து வரலாமா? உடுப்பு?

வரலாம், வருகிறார்கள். இருட்டிய பிறகு விடுதியை ஒட்டிய கரையோடு நின்றுகொள்ளுங்கள், நம்பகமான ஒரு ஓட்டோக்காரரின் இலக்கத்தை விடுதியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது ஊர்ப் பெண்கள் உடுப்போடுதான் இறங்குவார்கள். அரைக்காற்சட்டை, ரீசேட் போட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கொஞ்சம் பார்ப்பார்கள். அதையும் தவிர்க்க வேண்டுமென்றால் நீளக் காற்சட்டை.

குடிக்கலாமா?

அறைக்குள் உங்கள் பாடு. கரையில் வேண்டாம், குடித்துவிட்டுக் கடலில் இறங்கவே வேண்டாம். போத்தலை மணலில் உடைத்துவிட்டுப் போகிறவர்களுக்காக இங்கே ஒரு தனிச் சொல் இருக்கிறது, எழுத முடியாது. போயா நாட்களில் மதுக்கடை பூட்டு.

ஞாயிறு காலை மிச்ச நேரத்தில் எதைப் பார்ப்பது?

முல்லைத்தீவில் என்றால் வற்றாப்பளைக் கோயில், பிறகு செம்மலை வழியாக நாயாறு வரை ஒரு ஓட்டம். திரும்பும் வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயில்.

மன்னாரில் பார்க்க அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். போர்த்துக்கீசர் 1560இல் கட்டிய கோட்டை பாலத்தடியிலேயே இருக்கிறது. திருக்கேதீசுவரம் பெருநிலத்தில், நகரத்திலிருந்து கிட்ட. தெற்கே அரிப்பில், முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை இடிந்து நிற்கிறது, கடலரிப்பில் துண்டு துண்டாகப் போய்க்கொண்டும் இருக்கிறது. இவற்றில் இரண்டைத் தெரிவு செய்யுங்கள். தலைமன்னாரிலிருந்து இராமர் பாலத்து மணல்திட்டுகளுக்குப் போக ஆசைப்படுபவர்கள் கடற்படையிடம் விசாரியாமல் எந்தப் படகிலும் ஏற வேண்டாம்.

ட்ரோன் கொண்டுவரலாமா?

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. கரையோரம் முழுக்கக் கடற்படை, இராணுவ முகாம்கள் இருப்பதால் இங்கே அதைத் துணிந்து பரீட்சிக்க வேண்டாம். சாதாரணக் கமெரா பரவாயில்லை, முகாம் பக்கம் திருப்பாமல்.

என்ன கொண்டுவர வேண்டும்?

நுளம்புச்சுருள், துவாய், தொப்பி, ரோர்ச், போதிய காசு. சிறு கடைகளில் அட்டை எடுபடாது.

திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

கருவாடு. பாரை அல்லது கட்டா, வாங்கும்போது கையால் அழுத்திப் பாருங்கள். விரல் பதிந்தால் காயவில்லை, இரண்டு நாளில் மணம் மாறிவிடும். பழைய பேப்பரில் சுற்றி, அதற்குமேல் இரண்டு பொலித்தீன் பை போட்டு, வாயை இறுக்கக் கட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் தலைக்குமேல் தட்டில் வைக்காமல் கீழே பொருட்கள் வைக்கும் பெட்டிக்குள் போடுங்கள். குளிரூட்டிய பஸ்ஸில் கருவாட்டுப் பையோடு ஏறுகிறவரை நடத்துனர் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்.